நல்லாத்தானே சாப்பிடுது?
செல்லப் பிராணிகளின் பல் நலம் குறித்த சொற்பொழிவு



மாட்டுச் சந்தையில் விலை பேசுவதற்கு முன்னால் நடக்கும் ஒரு காரியத்தை இந்த அவையில் பலர் பார்த்திருப்பீர்கள். வாங்க வந்தவர் மூக்கணாங்கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாட்டின் கீழுதட்டை விலக்குவார். 'இன்னும் பல் போடலை', 'ரெண்டு பல்', 'நாலு பல்', 'கடை சேர்ந்துடுச்சு' என்று ஒரே பார்வையில் வயதைச் சொல்லிவிடுவார். ஏறக்குறைய இரண்டு வயதில் முதல் ஜோடி நிலைப்பல் வரும், நான்கு வயது தாண்டும்போது எட்டும் நிறையும் என்ற கணக்கு அவருக்கு மனப்பாடம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்லி வைத்தார்கள் என்றால், காசு கொடுத்து வாங்கிய மாட்டையெல்லாம் அப்படிப் பார்த்தார்கள் என்றுதானே பொருள்? அதே வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாயின் உதட்டை மட்டும் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

இன்று நாயும் பூனையும் திண்ணையிலிருந்து சோபாவுக்கு வந்துவிட்டன. தடுப்பூசி அட்டை இருக்கிறது. உண்ணிக்கு மருந்து, முடிக்கு ஷாம்பு, மழைக்குச் சட்டை எல்லாம் இருக்கிறது. வாய் மட்டும் அன்றிருந்த நிலையிலேயே இருக்கிறது. 'கிட்ட வந்தாலே வாய் நாறுது டாக்டர்' என்று எட்டு வயது பொமேரியனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உதட்டை விலக்கினால் பாதிப் பற்கள் ஆடிக்கொண்டிருக்கும், ஈறோரம் சீழ் கசியும். இத்தனை நாள் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: 'நல்லாத்தானே சாப்பிடுது?'

இந்த உரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தோடு நடத்தும் வழக்கு.

நாய் மென்று சாப்பிடும் பிராணி இல்லை. கடிப்பது, கிழிப்பது, துண்டாக்கி விழுங்குவது என்பதற்காக அமைந்த வாய் அது. குழைந்த சோறும் தயிரும் தட்டில் விழுந்தால் பல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. நாக்கால் வாரி விழுங்கிவிடும். ஆகவே நாலு பல் சீழ் பிடித்திருந்தாலும் தட்டு காலியாகிவிடும். பசியை எதிர்த்து நிற்கும் அளவுக்கு வலி முற்றும்போதுதான் நாய் சாப்பாட்டை நிறுத்தும். அதற்குள் பல்லைக் காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

வலி வேறு வழிகளில் வெளிப்படும். பிஸ்கட்டை வாங்கிக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுக்கும். பந்து, கயிறு என்று இழுத்து விளையாடுவதை நிறுத்திவிடும். தலையைத் தடவ வந்த குழந்தையின் மேல் உறுமும். 'வயசாயிடுச்சு, முன்ன மாதிரி இல்லை' என்று வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கெட்ட பற்களை எடுத்த சில நாட்களில் அந்தக் 'கிழட்டு' நாய் மறுபடி பொம்மையைக் கவ்விக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்காத கால்நடை மருத்துவர் குறைவு. இன்னொன்றையும் கவனிக்கலாம். இரண்டு பக்கமும் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். வலது கடைவாயில் பற்காரை மண்டியும் இடது கடைவாய் ஓரளவு சுத்தமாகவும் இருந்தால், வலப்பக்கம் கடிப்பதை அந்த நாய் எப்போதோ விட்டுவிட்டது.

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் வந்துவிடும். பூனைக்கு முதலில் 26, பிறகு 30. உள்ளங்கையில் அடங்கும் சிவாவாவுக்கும் கன்றுக்குட்டி உயர கிரேட் டேனுக்கும் அதே 42தான். சின்னத் தாடையில் இடம் போதாமல் பற்கள் நெருக்கியும் திரும்பியும் முளைக்கின்றன. பக், ஷி ட்சூ போன்ற சப்பை மூக்கு இனங்களில் இது இன்னும் மோசம். பொமேரியனின் வாயில் பால் கோரைப்பல் விழாமல் நிற்க, அதை ஒட்டியே நிலைக் கோரைப்பல் முளைத்திருப்பது அன்றாடக் காட்சி. தானாக விழும் என்று காத்திருக்கக் கூடாது. நிலைப்பல் முனை தெரியும்போதே பால்பல்லை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பல் இடம் மாறி அண்ணத்தில் குத்தும், இரண்டுக்கும் நடுவே உணவு சேர்ந்து ஈறு அழுகும்.

சொத்தைப்பல் நாய்களுக்கு அதிகம் வருவதில்லை. கனடாவில் 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயது தாண்டிய நாய்களில் 5.3 சதவீதத்துக்கே சொத்தை இருந்தது. நாயின் எச்சில் நம் எச்சிலைவிடக் காரத்தன்மை கூடியது என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் சொத்தையிலிருந்து காக்கும் அதே எச்சில் காரை படிவதற்குத் துணை போகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் பல்லின் மேல் கிருமிகளின் மெல்லிய படலம் உருவாகும். விரலாலோ பிரஷ்ஷாலோ தேய்த்தால் போய்விடும். இரண்டு மூன்று நாள் விட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது கல்லாக இறுகும். பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. மேல் கடைவாயில் எச்சில் சுரப்பியின் வாய் திறக்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் பெரிய பல்லில்தான் காரை முதலில் படியும். உதட்டின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு 'பல் பளிச்சுன்னு இருக்கே' என்று சொல்பவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.

காரையைவிட ஆபத்தானது ஈறுக்கு அடியில் இறங்கும் கிருமிப் படலம். அங்கே அழற்சி தொடங்கி, பல்லைப் பிடித்திருக்கும் தசைநாரும் தாடை எலும்பும் கரைகின்றன. மூன்று வயதைத் தொடும்போதே பெரும்பாலான நாய்களுக்கும் பூனைகளுக்கும் இந்த ஈறுநோயின் ஏதோ ஒரு கட்டம் வந்துவிடுகிறது. மேல் கோரைப்பல்லின் வேர் நீளமானது. மூக்குக் குழிக்கும் அதற்கும் நடுவே மெல்லிய எலும்பு மட்டுமே. அது கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே ஓட்டை விழும். டாஷண்ட் நாய் மாதக்கணக்கில் தும்முகிறது என்று சளி மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கோளாறு பல்லில் இருக்கும். சின்ன நாய்களில் கீழ்த்தாடை எலும்பு அரித்து, கட்டிலிலிருந்து குதித்ததற்கே முறிந்துபோவதும் உண்டு. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கோளாறுகளும் ஈறுநோயும் சேர்ந்து காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்பது நிரூபணமாகவில்லை. அப்படிப் பயமுறுத்தித்தான் பல்லைப் பார்க்க வைக்க வேண்டும் என்பதும் இல்லை. தினமும் வலிக்கிறது என்பதே போதுமான காரணம்.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சரியாகிவிட்டது. இதற்கு மேல் மனிதர்களிடம் சோதனையை நீட்டித்து, அவர்கள் எலும்பு கரையும்வரை காத்திருக்க முடியாதல்லவா? அடுத்த கட்டத்துக்கு பீகிள் நாய்கள் வந்தன. ஸ்வீடனைச் சேர்ந்த யான் லிண்டேயும் ஸ்வென்-எரிக் ஹாம்ப்பும் லோவுடன் சேர்ந்து நான்கு ஆண்டுகள் அவற்றைக் கண்காணித்து, 1975-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு குழுவுக்குத் தினமும் பல் துலக்கிவிட்டார்கள். மற்றக் குழுவை அப்படியே விட்டார்கள். துலக்கிய நாய்களின் ஈறு நான்கு ஆண்டும் நலமாக இருந்தது. துலக்காத நாய்களுக்கு ஈறு வீங்கி, பெரும்பாலானவற்றில் எலும்பும் கரைந்தது.

காலையில் நாம் பல் துலக்குவதற்கு இருக்கும் அறிவியல் ஆதாரத்தில் ஒரு பங்கு அந்த நாய்கள் தந்தது. அதே சோதனை நாய்க்கும் பல் துலக்க வேண்டும் என்பதற்கு நேரடிச் சாட்சி. மனிதர்கள் தங்களுக்கான பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, நம் வீடுகளுக்கு வருவோம். 'நாய்க்கு எலும்பு போட்டாலே பல் சுத்தமாயிடும்' என்பது கறிக்கடைவரை பரவிய நம்பிக்கை. எலும்பைக் கடிக்கும்போது கொஞ்சம் காரை உதிர்வது உண்மைதான். ஆனால் மேல் கடைவாயின் அந்தப் பெரிய பல்லும் கீழ் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளாக உரசி வெட்டும் அமைப்பு கொண்டவை. கட்டியான எலும்பையோ மான் கொம்பையோ மாட்டுக் குளம்பையோ நடுவில் வைத்துக் கடித்தால், மேல்பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்துவிடும். உள்ளே இருக்கும் நரம்புக்கூழ் வெளியே தெரியும். முதலில் சிவப்புப் புள்ளி, சில வாரத்தில் கறுப்புப் புள்ளி. அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். கிருமி வேர் நுனிக்கு இறங்கிச் சீழ் கட்டினால், கண்ணுக்குக் கீழே கன்னம் திடீரென வீங்கும். 'ஏதோ பூச்சி கடிச்சிருக்கு' என்று மஞ்சள் தடவுவார்கள். வீக்கம் உடைந்து சீழ் வடிந்து ஆறும். சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி வீங்கும். தோலுக்கு எத்தனை களிம்பு போட்டாலும் பல்லைக் கவனிக்காதவரை அது நிற்காது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். காவல் பணியில் இருக்கும் நாய்களுக்குக் கோரைப்பல் உடைந்தால் வேர் சிகிச்சை செய்து உலோக உறை போட்டு மறுபடி வேலைக்கு அனுப்புகிறார்கள். கடிக்கக் கொடுக்கும் பொருளை எடைபோட எளிய சோதனை ஒன்று உண்டு: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் கொடுக்காதீர்கள்.

நல்லி எலும்பின் வளையம் கீழ்க் கோரைப்பற்களைத் தாண்டித் தாடையில் மாட்டிக்கொள்வதும், நீளத் துண்டு அண்ணத்தில் இரு கடைவாய்க்கும் குறுக்கே சிக்கிக்கொள்வதும் நடக்கிற விபத்துகள். அப்போது நாய் முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் வடிக்கும். எடுத்துவிடலாம் என்று கையை உள்ளே விடத் தோன்றும். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். வெறிநோய் பிடித்த நாய்க்கும் தாடைத் தசை செயலிழந்து வாய் தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, குரல் மாறும். பார்ப்பதற்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதாகவே தோன்றும். கடியே படாமல், இப்படி வாயில் கையை விட்டு எச்சில் பட்டவர்கள் உண்டு. உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுப்பூசி போடாத நாய், தெரு நாய், குணம் மாறிய நாய் எதுவானாலும் வாயைத் தொடாமல் மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்டிருந்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போங்கள்.

பூனை விஷயம் தனி. பூனைப் பற்களில் காரணம் இன்னும் தெளிவாகாத ஒரு நோய் வருகிறது. உடலே தன் பல்லைக் கரைக்கிறது. ஈறோரம் சிவப்பாகச் சின்னக் குழி தெரியும். எக்ஸ்ரேயில் வேர் கரைந்து எலும்போடு கலந்திருக்கும். அந்தக் குழியைக் கருவி நுனியால் தொட்டால், மயக்கத்தில் கிடக்கும் பூனையின் தாடைகூடக் கடகடவென்று நடுங்கும். மயக்கத்திலேயே அப்படி என்றால், விழித்திருக்கும்போது அது தட்டருகே போய்த் தயங்கித் திரும்புவதன் பொருள் புரியும். 'இந்த மீன் பிடிக்கலை போல' என்று வீட்டில் வேறு மீன் வாங்கி வருவார்கள். அந்தப் பல்லை அடைக்க முடியாது, எடுப்பதே வழி.

வாய் முழுவதும் ரத்தச் சிவப்பாகப் புண்ணாகும் இன்னொரு நோயும் பூனைகளுக்கு உண்டு. எச்சில் ரத்தமாக வடியும், கொட்டாவி விடும்போதே கத்தும். ஸ்டீராய்டு ஊசியில் சில வாரம் அடங்கித் திரும்பி வரும். கடைவாய்ப் பற்கள் அனைத்தையும், சில சமயம் எல்லாப் பற்களையும், எடுப்பதுதான் இன்றுவரை நல்ல பலன் தரும் சிகிச்சை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள் முழுதாகவோ பெருமளவோ தேறுகின்றன. பல்லே இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று கலங்குவார்கள். வலியில்லாத வெறும் ஈறோடு பூனை ஈர உணவை நக்கியும், உலர் உணவை விழுங்கியும் எடை போடுகிறது.

முயலுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அதன் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லும் வைக்கோலும் அரைத்தால்தான் தேயும். கேரட்டும் தீவனக் குச்சிகளும் மட்டும் போட்டால் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் கிழிக்கும். முன்பல்லை நகவெட்டியால் வெட்டிவிடுகிறார்கள். பல் நெடுக்காகப் பிளந்துவிடும், செய்யக் கூடாது.

சிகிச்சை என்றதும் வரும் முதல் பயம் மயக்க மருந்து. நியாயமான பயம்தான், ஆகவே எண்ணோடு பேசுவோம். பிரிட்டனில் 2008-இல் வெளியான மிகப் பெரிய ஆய்வில், மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதம், அதாவது 2000-இல் ஒன்று. ஆரோக்கியமான பூனைகளில் 0.11 சதவீதம். நோயுற்ற பிராணிகளுக்கு ஆபத்து இதைவிடப் பல மடங்கு. ஆகவேதான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, ஆகவேதான் நோய் முற்றும்வரை காத்திருக்கக் கூடாது என்கிறோம். மூச்சுக்குழாயில் குழாய் போட்டுத்தான் பல் சிகிச்சை செய்ய வேண்டும். இயந்திரத்திலிருந்து தெறிக்கும் நீரும் கிருமியும் நுரையீரலுக்குப் போகாமல் அது தடுக்கும்.

மயக்கம் இல்லாமலே பல்லைச் சுரண்டிவிடும் வேலை, பிராணிகளுக்கு முடி வெட்டும் கடைகளில் பெருகி வருகிறது. கண்ணுக்குத் தெரியும் காரை போய்விடும், பல் வெள்ளையாகிவிடும், வீட்டாருக்குத் திருப்தி. ஈறுக்கு அடியில் இருந்த நோய் அங்கேயே இருக்கும். சுரண்டிய பல்லைப் பாலிஷ் செய்யாமல் விட்டால், அந்தச் சொரசொரப்பில் காரை முன்பைவிட வேகமாகச் சேரும். விழித்திருக்கும் நாயின் ஈறுக்குள் கூர்மையான கருவியை விடுவது கொடுமை. உலகக் கால்நடைப் பல் மருத்துவ அமைப்புகள் இதை வெளிப்படையாக எதிர்க்கின்றன.

அதேபோல அவசியமானது எக்ஸ்ரே. பல்லில் பாதிக்கு மேல் ஈறுக்குள் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வெளியிலிருந்து பார்த்தபோது குறையே தெரியாத பற்களில்கூட, 27.8 சதவீத நாய்களிலும் 41.7 சதவீதப் பூனைகளிலும் சிகிச்சை தேவைப்படும் கோளாறுகளை எக்ஸ்ரே காட்டியது. பல் எக்ஸ்ரே வசதி எல்லா ஊரிலும் இல்லை, செலவும் உண்டு. இருக்கும் இடத்தை விசாரித்துப் போவது, பல்லைப் பிடுங்கி வேரை உள்ளேயே உடைத்து விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இந்தச் செலவுக்கெல்லாம் முன்னால் வீட்டில் செய்யக்கூடியது பல் துலக்குவது. 'எங்க நாய் விடாது' என்பார்கள். முதல் நாளே பிரஷ்ஷை நீட்டினால் எந்த நாயும் விடாது. சில நாள் உதட்டைத் தூக்கிவிட்டுப் பிடித்த தின்பண்டம் ஒன்று கொடுங்கள், அவ்வளவுதான். பிறகு விரலில் ஈரத் துணியைச் சுற்றி வெளிப்பக்கம் மட்டும் தேயுங்கள். பிறகு மிருதுவான குழந்தைகள் பிரஷ். ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்து, மேல் கடைவாயில் தொடங்கி முன்னால் வாருங்கள். வாயைத் திறக்க வைக்கத் தேவையில்லை. உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். தினமும் செய்தால் நல்லது, ஒருநாள் விட்டு ஒருநாள் பரவாயில்லை. வாரத்துக்கு ஒருமுறை என்றால் படலம் காரையாக இறுகிய பிறகுதான் பிரஷ் போகிறது. ஈறு ஏற்கெனவே வீங்கி ரத்தம் கசிந்தால் பிரஷ்ஷைத் தொடாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள். புண்ணின் மேல் தேய்த்தால் அந்த நாய் வாழ்நாள் முழுக்க பிரஷ்ஷைக் கண்டு ஓடும்.

நாம் பயன்படுத்தும் பேஸ்ட் கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். அதிலுள்ள ஃப்ளோரைடும் நுரைக்கும் பொருளும் வயிற்றைக் கெடுக்கும். சில பேஸ்ட்டுகளிலும் சூயிங்கங்களிலும் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு இன்னும் ஆபத்தானது. நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் உள்ளே போனாலே ரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாடி விழும். அளவு கூடினால் கல்லீரல் பழுதாகும். பிராணிகளுக்கான பேஸ்ட் கிடைக்கிறது, கோழிக்கறிச் சுவையில்கூட. அது இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். வேலை செய்வது தேய்ப்புதான். பல்லுக்கென்று விற்கும் மெல்லும் குச்சிகளுக்கு அமெரிக்கக் கால்நடை வாய்நலக் குழு 1997 முதல் தரவுகளைப் பார்த்து முத்திரை கொடுக்கிறது. முத்திரை உள்ளவை கொஞ்சம் உதவும். பிரஷ்ஷுக்கு ஈடாகாது.

சின்ன இன நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரு வயதிலிருந்து, பெரிய இனங்களுக்கு இரண்டு வயதிலிருந்து, மயக்கம் கொடுத்து முழு வாய்ப் பரிசோதனையும் சுத்தமும் தேவைப்படலாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது ஊசி போட்ட கையோடு கிளம்பிவிடாதீர்கள். கடைவாய்வரை உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: மூச்சுக்குழாயில் குழாய் போடுவீர்களா, எக்ஸ்ரே எடுப்பீர்களா, எடுத்த பிறகு வலிக்கு என்ன மருந்து, எத்தனை நாளைக்கு? வீட்டுக்கு வந்த பிறகு தையல் ஆறும்வரை, சுமார் இரண்டு வாரம், மிருதுவான சாப்பாடு கொடுங்கள். கயிறு இழுக்கும் விளையாட்டு வேண்டாம். பத்தாம் நாளில் ஒருமுறை வாயைக் காட்டிவிட்டு வாருங்கள்.